பகலில் அதை யார் பார்ப்பது?



கோடை விடுமுறை நெருங்கும்போது ஹொல்ம்லியாவிலுள்ள எங்கள் வீடுகள் பலவற்றில் ஒரே விண்ணப்பம் எழும்: "ஒரு நாய் வாங்கித் தாங்கோ." பிள்ளைகள் இனம் பார்த்து, படம் சேர்த்து, பெயரும் வைத்து முடித்திருப்பார்கள். அப்பா விலையைக் கேட்பார். அம்மா மயிர் கொட்டுமா என்று கேட்பார். இந்த இரண்டுக்கும் முன்னே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. காலை 7 மணியிலிருந்து பின்னேரம் 4:30 வரை அந்த நாய் யாரோடு இருக்கும்? இதைப்பற்றி எழுதும்படி இரண்டு குடும்பத்தார் கேட்டிருந்தார்கள். எங்கள் வீட்டிலும் மணி என்றொரு நாய் இருப்பதால், இந்த மாதம் அதையே எழுதுகிறேன்.

ஊரில் இந்தக் கேள்வி எழுந்ததில்லை. யாழ்ப்பாணத்து வளவில் நாய் படலையடியில் படுத்திருக்கும். அம்மம்மாவோ சித்தியோ பக்கத்து வளவு ஆச்சியோ, யாராவது ஒருவருடைய நடமாட்டம் எப்போதும் இருக்கும். மிஞ்சிய சோற்றிலும் மீன்தலையிலும் நாய்க்கும் பங்கு உண்டு. அதை வாரில் கட்டி வெளியே கொண்டுபோக எவரும் தேவைப்படவில்லை. எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை. தடுப்பூசி போடாத நாய்களும் விசர்நாய்க்கடிப் பயமும் இருந்தன. ஆனால் வீட்டு நாய்க்குத் தனிமை இருக்கவில்லை.

இங்கே படலை இல்லை. பூட்டிய கதவு இருக்கிறது. அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகிறார்கள். ஏழரை மணித்தியால வேலையோடு சாப்பாட்டு இடைவேளையையும் ரயில் பயணத்தையும் கூட்டினால், வீடு ஒன்பது மணித்தியாலம் வெறுமையாக இருக்கும். நாய் மாறவில்லை. வீடுதான் மாறிவிட்டது.

நோர்வேயின் விலங்கு நலச் சட்டம் 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. மனிதருக்கு என்ன பயன் என்பதைப் பொறுத்தல்லாமல், விலங்குக்கென்றே ஒரு மதிப்பு உண்டு என்று அது சொல்கிறது. நாயை இத்தனை மணித்தியாலம்தான் தனியே விடலாம் என்று அந்தச் சட்டம் ஒரு எண்ணைத் தரவில்லை. அயல்நாடான சுவீடனில், பகலில் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது நாயை வெளியே கொண்டுபோக வேண்டும் என்று அரசாங்க வழிகாட்டல் கூறுகிறது. எங்கள் கணக்குக்கு அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஒன்பது மணித்தியாலம் அந்த அளவுக்குள் அடங்காது. நாளெல்லாம் கூண்டில் அடைத்துவிட்டுப் போவதும் இந்த நாட்டில் ஏற்கப்பட்ட வழி அல்ல.

தம்பி, தங்கையர் கவனிக்கவேண்டிய இன்னொரு விதியும் அதே சட்டத்தில் உண்டு. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் ஒரு விலங்கின் முழுப் பொறுப்பையும் பெற்றோர் விட்டுவிடக் கூடாது. பெற்றோரின் சம்மதமின்றி அந்த வயதுப் பிள்ளைக்கு விலங்கை விற்கவோ கொடுக்கவோ கூடாது. ஆகவே "நான்தான் முழுக்கப் பார்ப்பேன், நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம்" என்ற வாக்குறுதி எவ்வளவு உண்மையான மனதோடு சொல்லப்பட்டாலும், பொறுப்பு அம்மா அப்பாவின் தோளில்தான் நிற்கும். நீங்கள் தரக்கூடியது உதவி. அந்த உதவி எந்த நாளில், எத்தனை மணிக்கு என்பதைச் சொல்லுங்கள்.

இனி, எங்கள் வீடுகளில் நடப்பதைப் பார்ப்போம். நாய் வந்தபின் பகல் பராமரிப்பைப்பற்றி யாரும் இருந்து பேசுவதில்லை. அந்த வேலை தானாகவே ஒருவர் தலையில் போய் இறங்கும். பெரும்பாலும் அது "வேண்டாம்" என்று சொல்லத் தெரியாத ஒருவராக இருக்கும்.

முதலாமவர் இரவு வேலை செய்யும் அம்மா. "அம்மா பகலிலே வீட்டிலைதானே" என்பார்கள். ஒரு தாதியாகச் சொல்கிறேன்: இரவுக் கடமை முடித்துக் காலை எட்டரைக்கு வீடு வருபவருக்கு அந்தப் பகல்தான் இரவு. உடம்பு வெளிச்சத்தோடு போராடித்தான் உறங்குகிறது. 11 மணிக்கு நாய் கதவைப் பிறாண்டி அவர் எழும்பினால், இரவு 2 மணிக்கு உங்கள் அதிகாலை 2 மணியில் எழுப்பியதற்குச் சமம். இந்த நாட்டுத் தொழிற்சட்டம் இரண்டு கடமைகளுக்கு இடையில் 11 மணித்தியால ஓய்வைப் பொது விதியாக வைத்திருப்பது உறக்கத்துக்காகத்தான். அரைத் தூக்கத்தோடு அடுத்த இரவு மருந்தளவு கணக்கிடப் போகிறவர் அவர் என்பதையும் யோசியுங்கள்.

இரண்டாமவர் அம்மம்மா. "அவவுக்கும் ஒரு துணைதானே" என்று சொல்வது வழக்கம். துணையாகவும் இருக்கலாம், நாயைத் தடவிக்கொண்டு கதிரையில் இருப்பதில் மூத்தவர்களுக்கு உண்மையான ஆறுதல் உண்டு. ஆனால் மாசி மாதத்தில், உறைந்து வழுக்கும் பாதையில், இருபது கிலோ நாய் அணிலைக் கண்டு பாய்ந்தால் என்ன ஆகும்? இடுப்பெலும்பு முறிவு மிக அதிகமாக நிகழும் நாடுகளில் நோர்வேயும் ஒன்று. அந்த முறிவுக்குப் பிறகு முன்னைப்போல் நடக்க முடியாமல் போகிறவர்கள் பலர். 2003ஆம் ஆண்டின் நாய்ச் சட்டமும், நாயைக் கட்டுப்படுத்தக்கூடிய ஒருவரே வாரைப் பிடித்திருக்க வேண்டும் என்கிறது. அம்மம்மா வீட்டில் இருக்கிறார் என்பதும் அம்மம்மாவால் முடியும் என்பதும் வேறு வேறு. அவர் விருப்பமா என்பது மூன்றாவது கேள்வி. அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை.

ஓய்வுநாள் கட்டளையை நீங்கள் ஞாயிறு பாடசாலையில் படித்திருப்பீர்கள். அதில் வீட்டுத் தலைவனோடு வேலைக்காரரும் மிருகஜீவனும் ஒரே பட்டியலில் வருகிறார்கள். ஒருவரின் ஓய்வை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க அங்கே இடமில்லை.

ஆகவே நாய் வாங்குமுன் ஒரு தாளை எடுங்கள். வைத்தியசாலையில் நாங்கள் துர்ணுஸ் போடுவதுபோல, திங்கள் முதல் ஞாயிறு வரை கோடு கீறுங்கள். காலை உலாத்தல், மதிய உலாத்தல், பின்னேர உலாத்தல், படுக்கப்போகுமுன் ஒருமுறை என்று நான்கு வரிசை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பெயர் வரவேண்டும். பெயரை எழுதுமுன் அந்த ஆளைக் கேட்கவேண்டும். இரவு வேலை நாட்களில் அம்மாவின் பகல் பெட்டிகளைக் கறுப்பாக்கிவிடுங்கள். மதிய வரிசையில்தான் வெற்றிடங்கள் நிற்கும். அவற்றை நிரப்பச் சில வழிகள் உண்டு.

முதல் வழி, நாய்களுக்கான பகல் பராமரிப்பு நிலையம். இங்கே அதை 'ஹுண்டெபார்னஹாகே' என்பார்கள். பெயரிலேயே பிள்ளைகளின் பார்னஹாகே இருக்கிறது. காலையில் விட்டுப் பின்னேரம் கூட்டிவரலாம். முழுநேர இடத்துக்கு மாதம் பல ஆயிரம் குரோனர் போகும். வாரம் இரண்டு நாள் மட்டும் எடுக்கவும் சில இடங்களில் வழியுண்டு. சேர்க்குமுன் நேரில் போய்ப் பாருங்கள். ஒரு பணியாளருக்கு எத்தனை நாய்கள்? சிறிய நாய்களுக்குத் தனி இடம் உண்டா? எத்தனை தரம் வெளியே போகிறார்கள்? அமைதியாகப் படுக்க இடம் இருக்கிறதா? வளர்ந்த நாய் ஏறக்குறைய நாளில் பாதியை உறங்கியே கழிக்கும். நாள் முழுக்க விளையாட்டும் கூச்சலுமாக இருந்தால் அது களைத்து எரிச்சலோடு வீடு வரும். தடுப்பூசிப் பத்திரம் கேட்கிறார்களா என்றும் பாருங்கள். பல நாய்கள் கூடும் இடத்தில் இருமல் நோய் விரைவாகப் பரவும். பத்திரம் கேட்காத இடம் உங்கள் நாயையும் காக்காது.

இரண்டாவது வழி, மதியத்தில் மட்டும் வந்து உலாத்தக் கொண்டுபோகும் ஒருவர். செலவு குறைவு. ஒன்பது மணித்தியாலத் தனிமை இரண்டாகப் பிரியும். கூட்டத்தில் மிரளும் நாய்க்கும் வயதான நாய்க்கும் இதுவே நல்லது. வீட்டுத் திறப்பைக் கொடுக்கவேண்டியிருப்பதால், நம்பிக்கையான ஆள் வேண்டும்.

மூன்றாவது வழி, அயலவர். எங்கள் மணிக்கு இதுதான் கைகொடுத்தது. நானும் கணவரும் எதிர் எதிர் நேரங்களில் வேலை செய்வதால் மூன்று நாட்கள் தாமாகவே நிரம்பின. செவ்வாயும் வியாழனும் வெறுமையாக நின்றன. எங்கள் படிக்கட்டில் இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற நோர்வேஜியப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். பல காலம் நாய் வளர்த்தவர். திரும்ப ஒன்றை எடுக்க வயது இடம்தராது என்று சொல்லிக்கொண்டிருந்தவர். கதவைத் தட்டிக் கேட்டோம். என்ன தொகை, எத்தனை மணி, எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் முதலிலேயே பேசினோம். பனிக்கட்டி வழுக்கும் நாளில் அவர் வெளியே போகவேண்டியதில்லை; அன்றைக்கு வேறு ஆள் பார்ப்போம் என்பதும் பேச்சில் அடக்கம். பத்து வருடம் "ஹேய்" என்று மட்டும் சொல்லிக் கடந்த கதவு அது. இப்போது எங்கள் தோசையின் சுவை அவருக்குத் தெரியும், அவருடைய பேரப்பிள்ளைகளின் பெயர் எங்களுக்குத் தெரியும்.

நான்காவது வழி, இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு நாயின் பகலைப் பங்கிடுவது. வேலை நேரங்கள் வித்தியாசமான இரண்டு வீடுகள் எங்கள் மத்தியிலேயே எத்தனை இருக்கின்றன! ஆனால் உரிமையாளர் யார், மிருக வைத்தியருக்கு யார் கட்டுவது, கோடையில் ஊருக்குப் போனால் யார் பார்ப்பது என்பதை எழுதி வையுங்கள். எழுதி வைத்தால் சினேகிதம் கெடாது.

யார் பார்த்தாலும் ஒரு தாள் அவரிடம் இருக்கட்டும். நாங்கள் கடமை மாறும்போது ரப்போர்ட் கொடுப்பதுபோல: என்ன சாப்பாடு, எந்த நேரம், என்ன மருந்து, எதற்குப் பயம், எந்த மிருக வைத்தியர், உங்கள் இருவருடைய தொலைபேசி எண். தமிழ் வீட்டில் பார்க்கிறார்கள் என்றால் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: கறி கொடுக்காதீர்கள். வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். சமைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும். முந்திரிகை வற்றல், சொக்லேட், சைலிற்றோல் சேர்ந்த சூயிங்கம் எல்லாம் நஞ்சு. நோகிறதுபோலத் தெரிந்தால் எங்கள் பரசிற்றமோலையோ இபுப்ரோபினையோ கொடுக்கவும் கூடாது. ஊரில் மீன்தலை தின்று வளர்ந்த நாயை நினைத்து, பாசத்தோடு ஒரு பிடி கோழிக்கறிச் சோறு வைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

குட்டி வாங்குவோர் இன்னுமொன்றைக் கணக்கிடுங்கள். எட்டு வாரக் குட்டி வீட்டுக்கு வரும்போது அதற்குத் தனிமை பழக்கமில்லை. முதலில் சில நிமிடம், பிறகு கால் மணித்தியாலம், பிறகு அரை மணித்தியாலம் என்று மெதுவாகப் பழக்கவேண்டும். ஆடி மாதம் முழுக்க எல்லோரும் வீட்டில் நின்று கொஞ்சிவிட்டு, ஆவணியில் பள்ளிக்கூடம் தொடங்கிய திங்கட்கிழமை ஒரேயடியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு போனால், அது குரைக்கும், அழும், கதவைக் கடிக்கும். அதைக் குழப்படி என்று தண்டிக்காதீர்கள், அது பயம்.

அந்தச் சத்தம் அயலவரின் காதிலும் விழும். வீட்டுக் கூட்டுறவு நாய்க்குத் தடைபோட்டிருந்தாலும், நல்ல காரணம் இருந்து மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாவிட்டால் நாய் வைத்திருக்கச் சட்டம் இடம்தருகிறது. அந்த 'இடைஞ்சல் இல்லாவிட்டால்' என்பது பகலில் நாய் அமைதியாக இருப்பதில் தங்கியிருக்கிறது. பகல் பராமரிப்புச் சரியாக இருந்தால் முறைப்பாட்டுக் கடிதம் வராது.

ஜப்பானிய நாய் ஹச்சிகோவின் கதையை நீங்கள் படமாகப் பார்த்திருப்பீர்கள். 1925இல் எசமான் இறந்தபிறகும், 1935இல் தான் இறக்கும்வரை ஷிபுயா ரயில் நிலையத்தில் அவருக்காகக் காத்திருந்த நாய். எல்லோரும் அதன் விசுவாசத்தைப் புகழ்கிறோம். நாய்க்குக் காத்திருக்கத் தெரியும் என்பதால், காத்திருக்க வைப்பது சரியாகிவிடாது.

தாளில் எல்லாப் பெட்டியும் நிரம்பினால், சந்தோஷமாக நாயை வாங்குங்கள். மதிய வரிசையில் வெற்றிடம் நின்றால், இந்த வருடம் வேண்டாம். தம்பி, தங்கையரே, அதைக் கேட்டு மனம் சோரவேண்டாம். உங்கள் கட்டிடத்திலேயே யாரோ ஒருவருடைய தாளில் செவ்வாயும் வியாழனும் வெறுமையாக இருக்கும். பள்ளிக்கூடம் முடிந்து மூன்று மணிக்கு வரும் உங்களுக்கு அந்த நேரம் இருக்கிறது. அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டு, போய் அந்தக் கதவைத் தட்டுங்கள். சிறிய நாயாகப் பார்த்து, முதல் சில தடவை உரிமையாளரோடு சேர்ந்து நடவுங்கள். ஒரு குளிர்காலம் முழுக்க, மழையிலும் இருட்டிலும், சொன்ன நேரத்துக்குத் தவறாமல் போனீர்களானால், அடுத்த வருடம் அம்மா அப்பாவோடு பேச உங்களிடம் நல்ல நியாயம் இருக்கும்.