டவுட் கேட்கிறதுல வெட்கம் எதுக்கு?

1/ திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம் தமிழ் மீடியத்துல படிச்சுட்டு பி.எஸ்சி. இயற்பியல், கணிதம் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு: ஒரு கணக்கு வரலைன்னா "நான் மக்கு"ன்னு முடிவு கட்டாதீங்க.

2/ ராமானுஜன் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். சென்னை துறைமுகத்தில் குமாஸ்தா. 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதுக்கு முன்னாடி பேக்கர், ஹாப்சன் ரெண்டு பேர்கிட்டயும் கேட்டு உதவி கிடைக்கல.

3/ ஆனா அவர் வெறுங்கையோட கேட்கல. தான் கண்ட தேற்றங்களைப் பக்கம் பக்கமா இணைச்சார். அதுக்கே ஹார்டி பதிலில் நிரூபணம் கேட்டார்.

4/ ஓ.பி.யில "உடம்பு சரியில்ல டாக்டர்"னு மட்டும் சொன்னா எனக்கு என்ன புரியும்? எத்தனை நாள் காய்ச்சல், என்ன மாத்திரை போட்டீங்கன்னு தெரிஞ்சாத்தான் பிடி கிடைக்கும். கேள்வியை போட்டோ எடுத்து "ஆன்சர் ப்ளீஸ்"னு அனுப்புறதும் அப்படித்தான். எந்த வரி வரைக்கும் போட்டீங்க, எங்க மாட்டிக்கிட்டீங்கன்னு எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க.

5/ பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "இதுகூடவா தெரியாது?"ன்னு கேட்காதீங்க. அப்புறம் அந்தப் பிள்ளை எதையுமே கேட்காது.