சதுப்பு நிலத்து ஈயும் மேய்ச்சல் மாடும்

நீர் தேங்கிய நிலத்தைக் கண்டவுடன் வடிகால் வெட்டி அதைச் சாகுபடிக்குக் கொண்டுவர வேண்டுமென்பது நிலமுடையோர் யாவருக்கும் இயல்பாக உண்டாகும் எண்ணமாகும். கிராமக் கணக்கிலும் அத்தகைய நிலத்துக்குத் தரிசு என்பதைவிட மதிப்பான பெயர் கிடைப்பது அரிது. இவ்வெண்ணம் எவ்விடத்துக்கும் பொருந்தும் என்று கொள்வது தவறென்பது எமது அபிப்பிராயம். இதற்கு இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் ஜில்லாவிலுள்ள டார்ட்மூர் என்னும் மேட்டுப் பிரதேசத்திலிருந்து ஓர் உதாரணம் காட்டுவோம். அவ்வுதாரணம் ஓர் ஈ.

பூக்களின் முன்னே அந்தரத்தில் அசையாது நின்று பறக்கும் ஸிர்பிட் ஈக்களை நம் குடியானவர்கள் அறிவார்கள். அவற்றுள் பலவற்றின் புழுக்கள் பயிர்களிலுள்ள அசுவினியைத் தின்று நமக்கு உபகாரம் செய்கின்றன. அக்குடும்பத்தைச் சேர்ந்ததே எரிஸ்டாலிஸ் கிரிப்டாரம் என்னும் இச்சதுப்பு ஈ. டென்மார்க் தேசத்துப் பூச்சி சாஸ்திரியாகிய ஃபாப்ரீஷியஸ் 1794-ஆம் வருஷத்தில் இதற்குப் பெயரிட்டார். உருவில் சிறியது, கால்கள் பெரும்பாலும் செம்மஞ்சள் நிறம். இதன் இனத்தவை பார்வைக்குத் தேனீயைப் போன்றிருப்பினும், இவற்றுக்குக் கொடுக்கும் இல்லை, இரண்டு சிறகுகளுக்கு மேலும் இல்லை.

இவ்வினத்தின் புழுக்கள் அசுவினியைத் தேடுவதில்லை. அழுகிய பொருள் நிறைந்து தேங்கி நிற்கும் நீரிலும் குழைந்த சேற்றிலும் வாழ்ந்து, அதிலுள்ள நுண்ணுயிர்களையும் மக்கிய துகள்களையும் உண்கின்றன. அத்தகைய நீரில் சுவாசத்துக்கு வேண்டிய காற்று ஏது? இதற்காகவே புழுவின் பின்புறத்தில் எலி வாலைப் போன்ற ஒரு குழாய் அமைந்திருக்கிறது. உடலின் நீளத்தைப்போல் பல மடங்கு அதை நீட்டி, நுனியை நீர்மட்டத்தில் வைத்துக்கொண்டு, புழு அடியிலிருந்தபடியே மூச்சு விடுகிறது. இதற்கு உறவான ஈக்களின் புழுக்களை நம் மாட்டுக்கொட்டில் சாக்கடைகளிலும் காணலாம். அவற்றைக் கண்டு அருவருப்போர் பலர். ஆயினும் அவை பயிரைத் தொடுவதில்லை. பெரிய ஈயாக வெளிவந்தபின் பூவுக்குப் பூ சென்று மகரந்தச் சேர்க்கைக்கும் உதவுகின்றன.

முற்காலத்தில் இந்த ஈ கார்ன்வால், டெவன், டார்செட் முதலிய இடங்களிலும் நியூ ஃபாரஸ்ட் காட்டுப் பகுதியிலும் பிடிபட்டிருக்கிறது. இப்பொழுது பிரிட்டனில் டார்ட்மூர் ஒன்றே இதற்குப் புகலிடம். ஏனைய சதுப்புகளில் வடிகால் வெட்டப்பட்டதும், வெட்டப்படாதவை புதர் மண்டிப் போனதும் இதற்கு முக்கிய காரணங்கள் என்பதில் ஐயமில்லை. டார்ட்மூரையும் திருத்தியமைக்க முயன்றவர்கள் உண்டு. 1785-ஆம் வருஷம் முதல் தாமஸ் டிர்விட் என்னும் பிரபு அங்கே நிலம் குத்தகைக்கு எடுத்து, ஆளி முதலிய பயிர்களை வைத்துப் பார்த்தார். வருஷத்துக்குச் சுமார் 80 அங்குல மழை பெய்யும் புளித்த மண்ணில் அம்முயற்சி பலிக்கவில்லை. பயிர் தோற்ற அந்நிலத்தில் மாடும் ஆடும் மட்டக் குதிரையுமே நிலைத்தன.

இந்த மேய்ச்சலைப் பற்றித்தான் இப்போது வழக்கு. பிராணிகள் மிகுந்தால் ஈக்கு வேண்டிய பூக்கள் மலருமுன்பே கடிபட்டுப் போகும். வசந்தத்தில் சதுப்பு நீரில் பூக்கும் செடிகள் தொடங்கி, கோடை கடைசியில் ஊதா நிறத்தில் மலரும் செடிகள் வரை, அடுத்தடுத்துப் பூ இருந்தாலன்றி இந்த ஈக்கு ஆகாரமில்லை. ஆனால் மேய்ச்சலை அறவே நிறுத்தினாலோ, மொலினியா என்னும் முரட்டுப் புல் எங்கும் வளர்ந்து மூடிக்கொள்ளும். மாடு மிதித்துக் குழைத்த ஈரக் குழிகளும் இல்லாது போகும். வேலி கட்டிவிட்டால் ஜீவன்கள் பிழைத்துவிடும் என்று நகரத்தில் இருந்துகொண்டு எண்ணுவோர் இதைக் கவனிப்பதில்லை.

2023-ஆம் வருஷத்தின் முற்பகுதியில், இயற்கைப் பாதுகாப்பு இலாகாவினர் அங்குள்ள பொது மேய்ச்சல் உரிமையாளர்களிடம் கால்நடைகளைக் குறைக்க வேண்டுமென்று கூறவே, பெருங்கிளர்ச்சி உண்டாயிற்று. அதன்மேல் அரசாங்கம் டேவிட் ஃபர்ஸ்டன் என்பவரின் தலைமையில் சுயேச்சையான விசாரணை ஒன்றை நடத்திற்று. அதே வருஷம் டிசம்பரில் வெளியான அறிக்கை, மொலினியாப் புல்லின் பெருக்கத்தை ஒரு பெருங்கேடாகக் கொண்டு, கோடையில் மாடுகளும் குதிரைகளும் அதை மேய வேண்டுமென்று யோசனை கூறியிருக்கிறது.

இது சரியான யோசனையென்றே எமக்குத் தோன்றுகிறது. தலைக்கு இத்தனை என்று ஒரே எண்ணிக்கையை எல்லா மேட்டுக்கும் எல்லாப் பருவத்துக்கும் விதிப்பது உத்தியோகஸ்தர்களுக்குச் சுலபம். நிலத்துக்கு அது ஒவ்வாது. ஆடு குட்டையாகக் கடிக்கும். மாடு நாக்கால் சுருட்டி இழுக்கும். குளிர்காலத்து மேய்ச்சல் வேறு, கோடை மேய்ச்சல் வேறு. மாடு வளர்ப்பது ஆடு வளர்ப்பதைவிடச் செலவு மிகுந்த காரியமாகையால், சர்க்கார் உதவித்தொகையும் அந்தச் செலவைக் கணக்கிட்டே கொடுக்கப்பட வேண்டும். எந்தச் சதுப்பில் எத்தனை மாடுகளை எம்மாதத்தில் விடுவது என்பதை, ஈக்களை எண்ணும் சாஸ்திரியும் மாட்டுக்காரரும் அவ்விடத்திலேயே சேற்றில் இறங்கி நின்று, ஆண்டுதோறும் ஒருமுறை பேசி முடிவு செய்துகொள்ளலாம்.