பிரெஞ்சு விருந்தும் குசினிக்குள் நிற்கும் பெண்ணும்

டிசம்பர் பிறந்துவிட்டால் பத்திரிகைகளின் வாரமலர்களில் ஒரு கட்டுரை தவறாமல் முளைத்துவிடும். "இம்முறை நத்தார் விருந்தைப் பிரெஞ்சுப் பாணியில் அமைத்துப் பாருங்கள்" என்று அது தொடங்கும். பட்டுத் துணி விரித்த மேசை, உயரமான மெழுகுவர்த்திகள், ஒருவருக்கு மூன்று கண்ணாடிக் கிண்ணங்கள், வாயில் நுழையாத பெயர் கொண்ட ஏழெட்டு உணவு வகைகள். இத்தகைய கட்டுரைகளை வெளிநாட்டுச் சஞ்சிகைகளிலிருந்து மொழிபெயர்க்கச் செய்து, படத்தோடு பக்கத்தில் இட்டு நிரப்பியவர்களுள் நானும் ஒருவன். அந்தக் குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு, அவற்றுக்கு எதிராக இதனை எழுதுகிறேன்.

பிரெஞ்சுப் பாணி என்று நமக்கு விற்கப்படுவது ஆடம்பரம். பிரெஞ்சுக்காரர் தமது வீட்டில் போற்றுவதோ வேறொன்று. 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் பிரெஞ்சு மக்களின் விருந்துணவை மனித குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அது எந்தவொரு சமையற் குறிப்புக்கும் அளிக்கப்பட்ட பட்டம் அன்று. பிறப்பு, திருமணம், பிறந்தநாள் போன்ற வாழ்வின் முக்கிய தருணங்களில் மனிதர் ஒன்றுகூடி, ஒரே மேசையில் அமர்ந்து, நன்றாக உண்டு பருகும் சமூக வழக்கத்துக்கே அந்த அங்கீகாரம் கிடைத்தது. பசியைத் தூண்டும் பானத்தோடு தொடங்கி, முன்னுணவு, காய்கறியோடு மீன் அல்லது இறைச்சி, பாற்கட்டி, இனிப்பு என ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் ஒழுங்கு அதில் உண்டு. அந்த ஒழுங்கின் பயன் என்ன? உண்பவர் எழுந்து ஓடிவிடாமல் மேசையில் தங்குகிறார், பேச்சு நீள்கிறது.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். இன்று நாம் பிரெஞ்சு முறை என்று வியக்கும், உணவுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பரிமாறும் பழக்கத்துக்குப் பிரான்ஸிலேயே "இரஷ்ய முறை" என்றுதான் பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரிஸில் இரஷ்யத் தூதுவராக இருந்த இளவரசர் குராகினின் பெயரோடு அதன் வருகை இணைத்துச் சொல்லப்படுகிறது. அதற்கு முன்னர் வழங்கிய அசல் பிரெஞ்சு முறையில் பல பாத்திரங்களை ஒரே நேரத்தில் மேசையில் பரப்பி வைப்பார்கள். அவரவர் கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்வார்கள். சோற்றையும் கறிகளையும் நடுவில் வைத்து "போட்டுச் சாப்பிடுங்கோ" என்று சொன்ன நம் தாய்மார், தாம் அறியாமலே பதினான்காம் லூயி மன்னனின் முறைக்கு நெருக்கமாக இருந்திருக்கிறார்கள்!

நத்தாருக்கு வருவோம். நமது கட்டுரைகள் முதலில் நீட்டுவது ஃபுவா க்ரா எனப்படும் கொழுத்த ஈரலை. வாத்தின் தொண்டைக்குள் குழாயைச் செலுத்தி, இரண்டு வார காலம் சோளத்தைத் திணித்து ஈரலை வீங்கச் செய்து பெறுவது அது. 2006ஆம் ஆண்டின் சட்டமொன்று அதனைப் பிரான்ஸின் பாதுகாக்கப்பட்ட மரபென அறிவித்தது. இந்தியா 2014இல் அதன் இறக்குமதியைத் தடை செய்தது. எப்பக்கம் நிற்பது என்பதை வாசகர் தீர்மானிக்கட்டும். நான் கேட்பது வேறு. பிரெஞ்சு நத்தார் என்றால் இது மட்டுந்தானா?

தெற்கே புரோவான்ஸ் பகுதியில் நத்தாருக்கு முந்திய இரவில் "குரோ சூப்பே", அதாவது பெரிய இரவுணவு, உண்ணும் மரபு உண்டு. பெயர்தான் பெரிது, அதில் இறைச்சியே கிடையாது. அன்னை மரியாளின் ஏழு துயரங்களை நினைவுகூர்ந்து ஏழு எளிய உணவுகள்: உப்பிட்டு உலர்த்திய மீன், கீரை, பூக்கோவா போன்றவை. மேசையில் மூன்று வெள்ளை விரிப்புகள், மூன்று மெழுகுவர்த்திகள். எதிர்பாராமல் வரக்கூடிய ஏழைக்கென ஓர் இடம் காலியாக விடப்படும். நள்ளிரவுப் பூசையின் பின்னர் பதின்மூன்று இனிப்புகள்; பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். உலர்ந்த அத்தி, முந்திரிகை வற்றல், பாதாம், பழங்கள் எனப் பெரும்பாலும் அடுப்பில் ஏற்றத் தேவையற்றவை. ஒலிவ எண்ணெய் சேர்த்துச் சுட்ட இனிப்புப் பாணும் அவற்றுள் ஒன்று. அதைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்துப் பகிர்வார்கள். ஜனவரியில் மூவரசர் திருநாளுக்குரிய வட்டப் பணியாரத்தை வெட்டும்போது வீட்டின் கடைக்குட்டி மேசைக்கு அடியில் ஒளிந்திருந்து, எந்தத் துண்டு எவருக்கு என்று கூவுவான். உள்ளே மறைத்த சிறு பொம்மை யாருக்குக் கிடைக்கிறதோ அவரே அன்றைய அரசர். இவற்றுக்கு எவ்வளவு செலவாகும்? இந்தப் பக்கத்தை எந்த வாரமலராவது எழுதியதுண்டா?

2011 டிசம்பரில் பரிஸின் புறநகர் ஒன்றில் என் ஒன்றுவிட்ட தம்பியின் வீட்டில் நத்தாரைக் கழித்தேன். லா சப்பல் தமிழ்க் கடைகளில் வாங்கிய மரக்கறிகளோடு, பிரெஞ்சு முறைப்படி ஏழு வகை உணவு. பதினான்கு பேர். தம்பியின் மனைவி ஒவ்வொரு வகையாகச் சுமந்து வந்தாள். வெறுங் கோப்பைகளைச் சுமந்து சென்றாள். "நீங்கள் சாப்பிடுங்கோ அத்தான், நான் பிறகு சாப்பிடுறன்" என்றாள். நாங்கள் சாப்பிட்டோம். விருந்துக்கு வந்திருந்த அயல்வீட்டுப் பிரெஞ்சு மூதாட்டி மட்டும் முள்ளுக்கரண்டியைத் தொடவில்லை. ஆறிக்கொண்டிருந்த உணவின் முன்னே கைகளை வைத்தபடி, "மதாம் இன்னும் வரவில்லையே?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய நாட்டில் வீட்டுத்தலைவி தன் கரண்டியை எடுக்கும் வரை விருந்தினர் உண்ணத் தொடங்குவதில்லை என்பது பழைய விதி. அந்த விதியை எங்கள் மேசைக்குச் சொல்லித்தர அவர் முயன்றார். நாங்களோ மெழுகுவர்த்தியையும் கிண்ணங்களையும் மட்டுமே கற்றிருந்தோம். நள்ளிரவிலும் அவளது கோப்பை கழுவியபடியே கவிழ்ந்திருந்தது. பரிமாறல் ஒரே முறையாக இருந்திருந்தால் அவள் இரண்டு தடவை நடந்திருப்பாள். பிரெஞ்சு முறை என்ற பெயரில் அவளை ஏழு மடங்கு நடக்க வைத்தோம்.

பிரெஞ்சுக்காரரை நான் புனிதராக்குவதாகச் சிலர் சொல்லக்கூடும். இல்லை. அந்த விதி வேலையாட்கள் நிறைந்த செல்வர் வீடுகளில் பிறந்தது. அங்கும் சமையற் சுமை பெரிதும் பெண்ணின் தோளில்தான். ஆயினும் வேலையாள் இல்லாத இன்றைய பிரெஞ்சு வீடு அதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. முன்னுணவு குளிர்ந்ததாகவே இருக்கும். இறைச்சியை முதல் நாளே மெல்லிய தீயில் வேகவிட்டு மறுநாள் சூடாக்குவார்கள். பழங்கறியின் சுவை அறிந்த நமக்கு அதை எவரும் விளக்கத் தேவையில்லை. பாண், பாற்கட்டி, விறகுக் கட்டை வடிவிலான நத்தார் கேக் யாவும் கடையில் வாங்கியவை. அதில் அவர்களுக்கு வெட்கம் இல்லை. விருந்தினரோ குறித்த நேரத்துக்குக் கால் மணி நேரம் பிந்தி வருவார்கள். வீட்டுக்காரிக்கு மூச்சுவிட அவகாசம் தருவது மரியாதையாம். நாமும் பிந்தித்தான் வருகிறோம், இரண்டு மணி நேரம்! நம் வீட்டில் ஒரு கேக்கைக் கடையில் வாங்கி வைத்துவிட்டால் அது அடுத்த நத்தார் வரை பேசப்படும். அவ்வாறு பேசுவோரில் பெண்களும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

நாம் அடுப்படியைக் குசினி என்கிறோம். போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல் அது. பிரெஞ்சுக்காரரின் "குய்சின்" அதன் உடன்பிறப்பு. இரண்டும் இலத்தீன் வயிற்றில் பிறந்தவை. பாணும் அப்படியே. சொற்கள் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் வீட்டுக்குள் வந்துவிட்டன. குசினியில் நிற்பவளை மேசைக்கு அழைக்கும் வழக்கத்துக்கு மட்டும் இன்னும் கதவு திறக்கவில்லை.

ஆகவே இந்த நத்தாருக்குப் பிரெஞ்சுப் பாணி வேண்டுமென்று விரும்பும் ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏழு வகையை மூன்றாக்குங்கள். இனிப்பைக் கடையில் வாங்குங்கள். கோப்பைகளை நீங்கள் எடுத்துச் செல்லுங்கள். சமைத்தவர் வந்து அமரும் வரை சோற்றில் கை வைக்காதீர்கள். அன்றிரவு நான் வைத்தேன். கொழும்புக்குத் திரும்பிய பின்னர்தான், என் சொந்த மனைவியோடு ஒரு பண்டிகை விருந்தில் நான் ஒன்றாக அமர்ந்து உண்ட நாளை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். முடியவில்லை.