பேய்க்கதை எழுதினால் பிற்போக்கா?



தியாகதுருகத்தில் அரிசி ஆலையொன்றில் மூட்டை தூக்கும் இளைஞன் ஒருவன் கதை எழுதுகிறான். இரவு வேலை முடிந்ததும், தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து, நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறான். போன மாதம் ஒரு கதையை எங்களுக்குப் படித்துக் காட்டினான்.

கல்வராயன் மலையில் செத்துப்போன சுமை கூலிகள் இரவுதோறும் வருகிறார்கள். தலையில் சாமை மூட்டை, கடுக்காய் மூட்டை. ஜாகீர்தார் வீட்டுக்குச் சுமந்துகொண்டு மலைப்பாதையில் ஏறுகிறார்கள். ஜாகீர் ஒழிந்துவிட்டது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. எதிர்ப்படுகிறவனிடம், “ஐயா, இறக்கி வைக்கலாமா?” என்று கேட்கிறார்கள். இதுதான் கதை.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வாய் பேசவில்லை. ஆனால் நம் தோழர் ஒருவர் எழுந்தார். “பகுத்தறிவு பேசுகிற நாம் பேய்க்கதை எழுதுவதா? இது பிற்போக்கு. கிழித்துப் போடு!” என்றார். பையன் நோட்டை மூடினான். அன்றிலிருந்து அவன் எங்கள் கூட்டத்துக்கு வருவதில்லை.

தோழர் செய்தது தவறு. அதைப் பகிரங்கமாகச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தோழர் சொல்வதில் நியாயமில்லையா?

இருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை. காய்ச்சல் கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல், பேய் பிடித்தது என்று வேப்பிலை அடித்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பூசாரிக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கியவர்களும் உண்டு. பேய் போகும், வட்டி போகாது! வேப்பமரத்துப் பேயை நம்பாதே என்று சிறுவனுக்குச் சொல்லும் பாட்டைப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதினார். அவர் மறைந்தபின் 1961ல் வெளிவந்த ‘அரசிளங்குமரி’ படத்தில் அது ஒலித்தது. அந்தப் பாட்டின் தேவை இன்னும் தீரவில்லை.

ஆனால் பேயை நம்பு என்று சொல்வது ஒன்று. பேயை வைத்துக் கதை சொல்வது வேறொன்று. நரியும் காகமும் பேசுகிற கதையைக் கேட்ட குழந்தை, தெருவில் நரியோடு பேசப் போகிறதா என்ன?

தென்னாற்காட்டு மண்ணில், திருப்பாதிரிப்புலியூரில், 1906ல் பிறந்தவர் புதுமைப்பித்தன். நடுநிசியில் வீட்டுக்குள் புகுந்த பயத்தைக் ‘காஞ்சனை’ என்று எழுதியவர் அவர்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிப்பெண் மருதியின் சீரழிவைத் ‘துன்பக்கேணி’ என்று எழுதியதும் அதே கைதான். அவருடைய வரலாற்றை 1951ல் எழுதியவர் யார்? நெசவாளரின் பட்டினியைப் ‘பஞ்சும் பசியும்’ என்று நாவலாக்கிய ரகுநாதன்! ‘காஞ்சனை’ எழுதியவர் என்று அவர் புதுமைப்பித்தனைத் தள்ளிவைக்கவில்லையே!

ஆலைக்காரர்கள் அறிய வேண்டிய கதை

புதுமைப்பித்தன் ஓர் ஆங்கில நாவலைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழாக்கினார். அது மேரி ஷெல்லி என்ற பெண் எழுதிய ‘பிராங்கன்ஸ்டைன்’. 1818ல் வெளிவந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தைப் பாருங்கள். புதிய தறிகள் வந்தன, கூலி விழுந்தது. பட்டினியால் பொறுமையிழந்த தொழிலாளர் தறிகளை உடைத்தார்கள். உடைத்தால் தூக்கு என்று 1812ல் சர்க்கார் சட்டம் போட்டது. பிரபுக்கள் சபையில் அந்த மசோதாவை எதிர்த்துப் பேசியவர் கவி பைரன். 1816ல் ஜெனீவா ஏரிக்கரையில், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று நண்பர்களைத் தூண்டியவரும் அதே பைரன்தான். அப்போது பதினெட்டு வயதுப் பெண்ணான மேரி தொடங்கிய கதை இது.

அதில் ஒரு படிப்பாளி பிணத் துண்டுகளைச் சேர்த்து ஓர் உயிரைப் படைக்கிறான். அது கண் திறந்ததும், அருவருத்து ஓடிவிடுகிறான். அது தானாகவே பேசக் கற்கிறது, படிக்கக் கற்கிறது, அன்பைத் தேடுகிறது. போன இடமெல்லாம் அடி. கடைசியில் கொலை செய்கிறது. பிராங்கன்ஸ்டைன் என்பது படைத்தவன் பெயர். படைக்கப்பட்டதற்குப் பெயரே இல்லை! ஆனால் ஊர் அந்தப் பெயரைப் பூதத்துக்கே சூட்டிவிட்டது. உண்டாக்கியவன் தப்பித்துக்கொண்டான். பெயரில்லாமல் மூட்டை தூக்குகிறவனுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டுமா?

மார்க்ஸே மூலதனத்தை உயிருள்ள உழைப்பின் ரத்தத்தை உறிஞ்சும் பிசாசுக்கு ஒப்பிட்டார். அவரையும் பிற்போக்காளர் என்பாரா தோழர்?

எது நஞ்சு?

அப்படியானால் எல்லாப் பேய்க்கதையும் நல்லதா? இல்லவே இல்லை. உரைகல் ஒன்று உண்டு. கொன்றவன் யார்? பேய்ப் பட்டம் யாருக்கு?

2005ல் வந்த ‘சந்திரமுகி’ படத்தை எல்லோரும் பார்த்தோம். வேட்டையன் என்ற ராஜா ஒரு நாட்டியக்காரியை அடைத்து வைக்கிறான். அவள் காதலனைக் கொல்கிறான். அவளை உயிரோடு எரிக்கிறான். எரித்தவன் ராஜா, ஊர் நடுங்குவதோ எரிந்தவளைக் கண்டு! கடைசியில் மனநோய் என்று படம் சொன்னாலும், வீட்டுக்குத் திரும்பிய நம் மனத்தில் நின்றது எந்த முகம்?

பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். புருஷன் கையால் கொலையுண்ட பெண் அவள். நியாயம் கேட்டு மறுபடி வந்தாள். நாம் அவளுக்குச் செய்த மரியாதை என்ன? பொய்யழுகைக்கு ‘நீலிக் கண்ணீர்’ என்று பெயர் வைத்தோம். கொலையுண்டவளின் கண்ணீர் பொய்யாம்! இந்த மாதிரிக் கதைதான் நஞ்சு. அடிபட்டவனைப் பார்த்து அடிபட்டவனே பயப்படும்படி செய்கிறது அது.

இப்போது பையனின் கதையை இந்தக் கல்லில் உரசிப் பாருங்கள். கல்வராயன் மலையில் ஜாகீர்தார்கள் ஆண்டார்கள். மலையாளி மக்கள் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்தார்கள். நாடு 1947ல் விடுதலை பெற்றது. அந்த மலையில் ஜாகீர் முடிந்ததோ 1976ல்தான். இருபத்தொன்பது வருஷம் பிந்தி! இது எத்தனை பேருக்குத் தெரியும்? பையனின் செத்த கூலிகள் அதைத்தான் சொல்கிறார்கள். சுமந்தவனைக் கண்டு பயப்படு என்று ஒரு வரி அதில் இல்லை. சுமத்தியவன் யார் என்று கேட்க வைக்கிறது கதை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெரும்பாலும் கூலிக்காரர்கள். அதை யாராவது பேய்க்கதையாக எழுதினால் எப்படி எழுத வேண்டும்? விதி என்றும் சாபம் என்றும் எழுதினால் அது விற்றவனுக்குச் செய்யும் வக்காலத்து. செத்தவர்கள் வரிசையாக வந்து, “விற்றவன் யார்? கண்ணை மூடிக்கொண்டவன் யார்?” என்று கேட்பதாக எழுதினால், அதை முதலில் படிக்க நான் தயார்.

தம்பி! எழுது. மந்திரவாதியை ஜெயிக்க வைக்காதே. குழந்தையின் தூக்கத்தைக் கெடுப்பதற்காக மட்டும் எழுதாதே. சுமையின் எடையும், மலைப்பாதையின் கல்லும், கூலியின் கணக்கும் உன் கதையில் சரியாக இருக்கட்டும். மற்றதைப் படிக்கிறவன் பார்த்துக்கொள்வான்.

கிழிக்கச் சொன்ன தோழரே! உங்கள் நோக்கம் நல்லதே. ஆனால் எட்டு மணி நேரம் மூட்டை தூக்கிய கை, அதற்குப் பிறகும் பேனா பிடிக்கிறது. அந்தக் கையிலிருந்து நோட்டைப் பிடுங்குகிற வேலையை முதலாளி செய்வான். நாம் செய்ய வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை இருவரும் அந்தப் பையன் வீட்டுக்குப் போவோம். தவறு என்று சொல்லி, அவனைக் கூட்டிவந்து, ஆலைத் தோழர்களும் வயல் தோழர்களும் கேட்கக் கதையை மறுபடி படிக்கச் சொல்வோம்.

“இறக்கி வைக்கலாமா?” என்று அந்தக் கூலிகள் கேட்கிறார்களே, அதற்குக் கேட்கிறவர்களே பதில் சொல்லட்டும்!