கைபடாக் காசு

எழுபது வயதைக் கடந்த ஒருவர் சிறுபிராயத்துக் காசுப்பேணியை மீண்டும் தேடுவாராயின் உலகம் நகைக்கும். அந்நகைப்புக்கு யாமும் இலக்காயினோம். பேரப்பிள்ளைகளும் நண்பர்களும் வினாவும் வினா ஒன்றே: "கடையிற் செல்லாத ஒரு சதத்தைப் பணங்கொடுத்து வாங்குவது அறிவுடைமையாகுமா?" இவ்விழா மலரின் வாயிலாக அவ்வினாவுக்கு விடையிறுக்கவும், எம்மனோர்க்கு ஒரு வேண்டுகோள் விடுக்கவும் விரும்புகின்றோம்.

முடியரசர் தலை பொறித்த குற்றிகளுக்கு மாற்றாக, நாட்டின் இலச்சினை பொறித்த புதிய நாணயத் தொகுதி 1963 ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அக்காலை யாம் இக்கல்லூரியின் கீழ்வகுப்பு மாணவர். 1 சதமும் 2 சதமும் அலுமினியம். 5 சதமும் 10 சதமும் நிக்கல் கலந்த பித்தளை. 25 சதம், 50 சதம், 1 ரூபா ஆகியன செப்பு நிக்கற் கலப்பு. 5 சதம் சதுரம். 2 சதமும் 10 சதமும் விளிம்பு நெளிந்தவை. பெறுமதி சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்னும் மும்மொழியிலும் விளங்கிற்று. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் இன்ன காசு என்று சொல்லிவிடலாம்.

அவற்றை யாம் ஒரு பேணியிலே சேர்த்தோம். சேர்த்ததோடு நின்றோமில்லை. நவராத்திரிக் கண்காட்சிக்கு வைப்பதற்காகப் புளியும் சாம்பலும் இட்டுப் பொச்சினால் தேய்த்து மினுக்கினோம். பொன்னோ என்னும்படி அவை ஒளிர்ந்தன. அம்மினுக்கத்தையே புதுமை என்று மயங்கினோம். அது பேதைமை என்பதை அறிய எமக்கு ஐம்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன. பேணியோ 1995 ஒக்ரோபர் இடப்பெயர்விலே வீட்டோடு விடப்பட்டது. திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பேணியும் இல்லை.

ஓய்வுபெற்ற பின்னர், 1963 முதல் 1971 வரையுள்ள அத்தொகுதியை வழக்கிற் படாத உயர்நிலையிலே ஒன்றுசேர்ப்பதெனத் துணிந்தோம். 1972 இல் நாடு குடியரசாகி, பெயரும் இலச்சினையும் மாறியமையால் அத்தொகுதிக்கு ஓர் இயற்கையான எல்லை உண்டு. "ஆரியச் சக்கரவர்த்திகளின் சேதுக் காசு இருக்க, அலுமினியச் சதம் எதற்கு?" என்பார் உளர். இடபமும் "சேது" என்னும் எழுத்தும் பொறித்த அக்காசுகளின் பெருமையை யாம் மறுப்பேமல்லேம். ஆயின் பழங்காசுகளை ஆராய அறிஞர் பலர் உளர். கொட்றிங்ரன் இலங்கை நாணயங்களைப் பற்றிய தம் பெருநூலை 1924 இலேயே வெளியிட்டார். பழங்காசைப் போற்ற நூதனசாலையும் உண்டு. நேற்றைய சதத்தைப் போற்றுவார் யார்? மலிந்தது என்றெண்ணி எவரும் அதைக் காவாது விட்டனர். கைமாறி உழைப்பதே சதத்தின் தொழில். ஆதலின், பெருந்தொகையாக அச்சிடப்பெற்றும், கைபடாது எஞ்சியது சிலவேயாம். அரிதென்பதற்கு முதுமை மட்டும் காரணமன்று, அசட்டையும் காரணமாகும்.

உயர்நிலை என்பது யாது? அச்சு அழுத்தும்பொழுது உலோகம் விளிம்பு நோக்கி ஓடுகின்றது. அவ்வோட்டத்தால் நுண்கோடுகள் உண்டாகின்றன. குற்றியை விளக்கொளியிற் சாய்த்துத் திருப்பினால் அக்கோடுகளிலே ஒளி ஒரு சக்கரம்போலச் சுழலும். அதுவே காசின் பிறவி ஒளி. புளியும் சாம்பலும் தருவது வேறு ஒளி. அது அக்கோடுகளை அழித்துப் பெற்றது. ஒருமுறை அழிந்தது மீளாது.

நிற்க. இந்நிலையை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்கரான ஷெல்டன் என்பார் தம் நாட்டுப் பழஞ்செப்புச் சதங்களுக்கென 1949 இலே வகுத்தது அது. ஒன்று தொடங்கி எழுபது வரை எண். அறுபதும் அதற்கு மேலும் வழக்கிற் படாதவை. இன்று காசைக் கண்ணாடி போன்ற உறையில் அடைத்து எண் இட்டுத் தரும் நிறுவனங்கள் உள்ளன. போலியை விலக்க அவை உதவுவது மெய். எனினும் 65 க்கும் 66 க்கும் உள்ள வேறுபாடு ஒருவர் கண்ணின் தீர்ப்பேயன்றி வேறன்று. அவ்வோர் எண்ணுக்காகப் பன்மடங்கு விலை கொடுப்பவர் காசை வாங்குகின்றாரல்லர்; சீட்டை வாங்குகின்றார். பூதக்கண்ணாடியும் பொறுமையும் உடையவருக்குத் தம் கண்ணே போதிய சான்று என்பது எமது துணிபு.

வாங்குதலினும் காத்தல் அரிது. எமது கடற்காற்றும் உப்பும் ஈரமும் உலோகத்துக்குப் பகை. குற்றியை விளிம்பிலன்றித் தொடலாகாது. விரலின் வியர்வை நாட்சென்று கறையாகும். மலிவான மென்பிளாஸ்ரிக் உறைகள் காலப்போக்கிற் பசிய பிசினை விடும். ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொதியொன்றைப் பெட்டியுள் இடுதல் நன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, எக்காரணத்தாலும் தேய்த்தலாகாது.

எமது தொகுதியிற் சில குழிகள் இன்னும் வெறுமையாகவே உள. ஒரு குழியில் மட்டும் இரு குற்றிகள் உள. இரண்டும் 1963 ஆம் ஆண்டின் 5 சதங்கள். ஒன்று கைபடாதது. மற்றையது அன்னையாரின் வெற்றிலைப் பெட்டியுள் அகப்பட்டது. யாம் சிறுவயதிலே தேய்த்து, அவர்க்குப் பரிசாகக் கொடுத்தது. எவ்வளவுகோலாலும் அதற்கு மதிப்பில்லை. எனினும் இளைஞர்க்கு இவ்விரண்டையும் அருகருகே காட்டினால், மேற்கூறிய விளக்கம் எதுவும் வேண்டியதில்லை.

இனி எமது வேண்டுகோள். இத்தொகுதியைக் கல்லூரி நூலகத்துக்கே அளிக்கக் கருதியுள்ளோம். கண்ணாடியிட்ட பூட்டுள்ள பேழை ஒன்றை நிருவாகத்தார் அமைத்தல் வேண்டும். கொழும்பிலும் கடல் கடந்தும் வாழும் பழைய மாணவர் தத்தம் மேசை இழுப்பறைகளைத் துழாவிப் பார்ப்பாராக. கற்கும் மாணவர், 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக 2013 ஆம் ஆண்டு பொறிக்கப்பெற்று வந்த 10 ரூபாக் குற்றிகளிலிருந்து தொடங்கலாம். அதற்குப் பெரும்பொருள் வேண்டா. இன்று கடைக்காரர் மீதியாகத் தரும் புதுக்காசு, ஐம்பது ஆண்டு கழிய எவர் கையிலும் இராது. எம் தலைமுறை அதனை உணராது தேய்த்தது. அடுத்த தலைமுறையேனும் உணர்ந்து காக்குமாக.