கர்ணம் கண்டுபிடிக்க வர்க்கமூலம் வேண்டாமாம்!

முன்பு ஃபார்வர்டு மெயிலில் வந்தது, இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. போதையனார் பெயரில் சுற்றும் அந்தச் செய்யுளைத்தான் சொல்கிறேன். செங்கோண முக்கோணத்தில் நீண்ட பக்கத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கைத் தள்ளு, மற்ற பக்கத்தில் பாதியைச் சேர், கர்ணம் ரெடி! பிதாகரஸையே தமிழன் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான் என்று கூடவே ஒரு வால் வேறு.

3, 4 போட்டால் 5 வருகிறது. 5, 12 போட்டால் 13. ஆஹா என்று அதோடு நிறுத்திவிட்டு ஃபார்வர்டு செய்துவிடுகிறார்கள். 7, 24 போட்டுப் பாருங்கள் நண்பர்களே. 25 வரவேண்டிய இடத்தில் 24.5 வரும். 1, 100 போட்டால் 88. பக்கத்தை விடக் கர்ணம் குட்டை!

சின்னப் பக்கத்தைப் பெரிய பக்கத்தால் வகுத்து வருவதை 'ப' என்போம். செய்யுள் சரியென்றால் (7/8 + ப/2)² = 1 + ப². சுருக்கினால் 48ப² − 56ப + 15 = 0. தீர்வு 3/4, 5/12. அவ்வளவுதான். எண்ணற்ற வடிவங்களில் இரண்டே இரண்டுக்குத்தான் இது சரி.

தோராயம் ஒன்றும் கேவலமில்லை. சுல்ப சூத்திரங்கள் √2-க்குத் தரும் அளவு 577/408. ஐந்து தசம இடம் வரை பொருந்துகிறது. இந்தச் செய்யுள் தருவது 1.375. எங்கள் வடக்குத்தில் ஒருவர் 30-க்கு 30 அடியில் வீடு கட்டுகிறார் என்று வையுங்கள். மூலைவிட்டம் 30√2, அதாவது சுமார் 42.43 அடி. செய்யுள் கணக்கில் 41.25. ஒரு அடிக்கு மேல் துண்டு விழுகிறது. இதை நம்பி வானம் தோண்டினால் மூலை மட்டம் என்னாவது? 3, 4, 5 அளந்து கயிறு பிடிக்கும் கொத்தனார் சிரிக்க மாட்டாரா?

என் கடுப்பு செய்யுள் மேல் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் முறுடுகள் பாடம் வந்தாலே பசங்களுக்கு உதறல். அந்தப் பயத்துக்குத் தமிழ்ப்பெருமை என்று பெயர் வைத்து தூபம் போடுவதுதான் எரிச்சல். √8 + √18 என்ன பெரிய பூதமா? 2√2 + 3√2, ஆக 5√2. √50-ம் அதேதான். 1/√2 இருந்தால் மேலும் கீழும் √2-ஆல் பெருக்கு, √2/2. இதில் எங்கேயும் தூசி அளவு பிழை கிடையாது. 1.414 என்று எழுதுகிற நிமிடம்தான் பிழை உள்ளே வருகிறது.

பெருமைதான் வேண்டுமென்றால், கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1911-ல் இந்தியக் கணிதக் கழக இதழில் கேட்ட கேள்வி இருக்கிறது. √(1 + 2√(1 + 3√(1 + ... என்று முடிவே இல்லாமல் வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம். விடை வெறும் 3. அதை ஃபார்வர்டு பண்ணத்தான் ஒருத்தரையும் காணோம்.