‘கால்நடை’ என்ற சொல்லுக்கு இரண்டு விலை

‘கக்கேகுருயி’ என்னும் ஜப்பானிய மாங்காவைச் சூதாட்ட வெறியின் கதையாகவே பெரும்பாலோர் படிக்கின்றனர். பெயரும் அவ்வாறே படிக்கத் தூண்டுகிறது; பந்தயம், பித்து என்னும் இரு சொற்கள் சேர்ந்த பெயர் அது. ஹொமுரா கவாமோட்டோ எழுத, தோரு நவோமுரா வரைய, 2014 முதல் வெளிவரும் இக்கதை 2017இல் அனிமே தொடராகி, நெட்ஃபிளிக்ஸ் வழியாக இந்தியக் கல்லூரி விடுதிகளுக்குள்ளும் நுழைந்தது. அங்கே நடக்கும் விவாதங்களில் நாயகி யுமேகோ ஜபாமியின் துணிவே பெரிதும் வியக்கப்படுகிறது. அந்தத் துணிவுக்குப் பின்னால் இருக்கும் பணத்தைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. சிறிய கடன் ஒரு மாணவியை உடைத்துப்போட, பெரிய கடன் இன்னொரு மாணவியின் உறக்கத்தைக்கூடக் கெடுக்காமல் போகும் இடம்தான் இக்கதையில் கவனத்துக்குரியது என்பதே இப்பதிவின் வாதம்.

கதை நிகழும் ஹ்யாக்காவோ தனியார் பள்ளி செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கானது. அரசியல்வாதிகள், தொழிலதிபர்கள் ஆகியோரின் வாரிசுகள் அங்கே படிக்கின்றனர். படிப்போ விளையாட்டோ அங்கு மதிப்பைத் தருவதில்லை. மாணவர்கள் தமக்குள் ஆடும் சூதாட்டமே படிநிலையைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொருவரும் மாணவர் மன்றத்துக்குப் பணம் செலுத்தவேண்டும். செலுத்திய தொகையின் வரிசையில் கடைசி நூறு பேருக்குள் வருபவர்களுக்கு அலுவல் முறையில் தரப்படும் பெயர் ‘ஒத்துழையாப் போக்குடைய மாணவர்’ என்னும் பொருள்படுவது. வழக்கில் அவர்கள் ‘கச்சிக்கு’, அதாவது கால்நடைகள்.

இந்தச் சொற்களின் மீது சற்று நிற்கவேண்டும். மன்றத்துக்குச் செலுத்தும் தொகைக்குக் கதையில் வரும் சொல் ‘ஜோனோகின்’. மேலிடத்துக்குக் கட்டும் திறைப்பணம் என்பது அதன் பொருள். யக்கூசா குழுக்களில் கீழுள்ளவர் மேலுள்ளவருக்குக் கட்டும் பணத்தையும் ஜப்பானியர் இச்சொல்லாலேயே குறிக்கின்றனர். தமிழில் ‘நன்கொடை’ என்று பெயர்த்தால் இந்த வாடை முழுவதும் போய்விடும். (கல்லூரிச் சேர்க்கைக்கு வாங்கப்படும் ‘நன்கொடை’யை அறிந்த தமிழ் வாசகருக்கு அச்சொல்லும் அவ்வளவு தூய்மையானதாகத் தோன்றாது என்பது வேறு.) கால்நடையாக்கப்பட்ட மாணவனை ‘போச்சி’ என்றும் மாணவியை ‘மிக்கே’ என்றும் அழைப்பார்கள். முதலாவது ஜப்பானில் நாய்க்கு வைக்கும் மிகப் பொதுவான பெயர். இரண்டாவது மூவண்ணப் பூனையைக் குறிப்பது. மாணவரின் சொந்தப் பெயர் பறிபோய், எவருக்கும் பொருந்தும் ஒரு பெயர் கழுத்தில் அட்டையாகத் தொங்குகிறது.

ஆங்கிலத் துணையுரைகள் ‘கச்சிக்கு’ என்பதை ‘ஹவுஸ்பெட்’ என்று மாற்றின. செல்லப் பிராணி வேறு, கால்நடை வேறு. செல்லப் பிராணியை வீட்டார் கொஞ்சுவார்கள். கால்நடையை வேலை வாங்குவார்கள், விற்பார்கள், அறுப்பார்கள். மொழிபெயர்ப்பு செய்த இந்தச் சிறிய நகர்வு கதையின் கொடுமையைப் பாதியாகக் குறைத்துவிட்டது. இந்தியப் பார்வையாளர்களுள் மிகப் பலர் பார்த்தது இந்தப் பாதியைத்தான்.

இனி மேரி சாவோதோமேயிடம் வருவோம். தொடக்கத்தில் அவள் வெற்றியாளர். ரியோத்தா சுசுயி என்னும் வகுப்புத் தோழனைச் சீட்டாட்டத்தில் தோற்கடித்து, அவனை நாயாக நடத்துபவளும் அவளே. புதிதாக வந்து சேரும் யுமேகோவை அவள் ஒரு விளையாட்டுக்கு அழைக்கிறாள். வகுப்பினர் ஒவ்வொருவரும் கல், காகிதம், கத்தரி ஆகியவற்றுள் ஒன்றைச் சீட்டில் வரைந்து பெட்டியில் போட, ஆடுவோர் இருவரும் அதிலிருந்து சீட்டுகளை எடுத்து மோதுவது ஆட்டம். வகுப்பினரில் பலரை மேரி முன்பே தன் கைக்குள் வைத்திருக்கிறாள். யுமேகோ அந்த ஏமாற்றைக் கண்டுபிடிக்கிறாள். கண்டுபிடித்தபின் ஒரு கோடி யென் ரொக்கத்தை மேசைமீது வைத்து ஆட்டத்தைத் தொடர்கிறாள். மேரி தோற்கிறாள், அடுத்த நாளே அவள் கழுத்தில் அட்டை.

கால்நடையான மேரிக்கு மாணவர் மன்றம் ஒரு ‘வாழ்க்கைத் திட்ட’த்தைக் கையளிக்கிறது. அவள் எங்கே படிக்கவேண்டும், யாரை மணக்கவேண்டும் என்பதெல்லாம் பிறர் எழுதிவைத்த அட்டவணையாக அதில் இருக்கின்றன. கடன் அவளது இன்றைய பணத்தை எடுத்துக்கொள்வதோடு நிற்காமல், இனி வரவிருக்கும் நாட்களையும் எடுத்துக்கொள்கிறது. இந்த அடி மேரிக்கு ஏன் இவ்வளவு ஆழமாக விழுகிறது என்பதற்கான விடை, பின்னர் எழுதப்பட்ட முன்கதையான ‘கக்கேகுருயி ட்வின்’னில் கிடைக்கிறது. மேரி சாதாரணக் குடும்பத்துப் பெண். அந்தப் பள்ளிக்குள் இடையில் வந்து சேர்ந்தவள். அவளுக்குப் பின்னால் கடனைத் தீர்க்க எந்த மாளிகையும் இல்லை.

யுமேகோவும் ஒரு கட்டத்தில் தோற்கிறாள். அவள் தலைமேல் விழும் கடன் 31 கோடி யென். மேரி வீழ்ந்த தொகையைவிடப் பல மடங்கு பெரியது அது. அவளும் கால்நடையாகிறாள், அதே அட்டை, அதே ‘மிக்கே’. ஆயினும் அவள் முகத்தில் சிரிப்பு குறைவதில்லை. கால்நடைகளுக்கு என ஒரு சலுகை உண்டு: ஒரே ஒருமுறை எந்த மாணவரையும் முறையான போட்டிக்கு அழைக்கலாம், அழைக்கப்பட்டவர் மறுக்க முடியாது. மன்றத் தலைவி கிராரி மோமோபாமியுடன் மோதும் வாய்ப்பை இச்சலுகை தரும் என்பதற்காகவே யுமேகோ அந்த நிலையில் விரும்பித் தங்குகிறாள். மேரிக்குச் சிறையாக இருந்தது இவளுக்கு நுழைவுச்சீட்டு. ஒரே சொல் இருவர் கழுத்திலும் தொங்குகிறது; அகராதியில் பொருள் ஒன்றுதான், செலுத்தவேண்டிய விலை வேறு வேறு.

இதனைக் கதாசிரியரின் தவறு என்று சொல்வதற்கில்லை. சூதாட்டத்தின் கணிதமே அப்படித்தான். ‘சூதாடியின் அழிவு’ என்று நிகழ்தகவுக் கோட்பாட்டில் ஒரு பழைய கணக்கு உண்டு. பாஸ்கல், ஃபெர்மா ஆகியோர் கையில் புழங்கி, 1657இல் வெளிவந்த ஹைகன்ஸின் நூலில் இடம்பெற்றது. இருவர் நாணயம் சுண்டி ஆடுகிறார்கள். ஏமாற்று இல்லை, இருவருக்கும் வெற்றி வாய்ப்பு சரிபாதி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ரூபாய். ஒருவரிடம் 1 ரூபாயும் மற்றவரிடம் 99 ரூபாயும் இருக்கின்றன. ஒருவர் கை வெறுமையாகும்வரை ஆட்டம் தொடர்ந்தால், 1 ரூபாய்க்காரர் வெல்லும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. எந்தச் சுற்றிலும் அநீதி நிகழவில்லை. முடிவு மட்டும் தொடக்கத்திலேயே பணப்பைகளில் எழுதப்பட்டுவிடுகிறது. விதிகள் எல்லோருக்கும் சமம் என்று எந்தப் பள்ளி முழங்கினாலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, எத்தனை முறை தோற்க ஒவ்வொருவராலும் இயலும் என்பதுதான்.

மாங்காவின் மிகை என்று இதனைத் தள்ளிவிடுவோர் பதினெட்டாம் நூற்றாண்டின் ஈட்டனை நினைத்துப்பார்க்கலாம். அப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனை 1763இல் அவன் தந்தையே ஸ்பா நகரத்துக்கு அழைத்துச் சென்று, சூதாட ஓர் இரவுக்கு ஐந்து கினி வீதம் கையில் கொடுத்தார். பள்ளிக்குத் திரும்பியபோது அவன் திமிரைக் கண்ட தலைமையாசிரியர் பிரம்பால் அடித்தார் என்பர். பழக்கம் போகவில்லை. 1774 வாக்கில் தந்தை தீர்க்கவேண்டியிருந்த மகனின் கடன் ஏறத்தாழ 1,40,000 பவுண்டு. அந்நாளில் ஒரு தொழிலாளிக் குடும்பம் பல தலைமுறை உழைத்தாலும் காணமுடியாத தொகை. ஃபாக்ஸுக்கு எவரும் வாழ்க்கைத் திட்டம் எழுதித் தரவில்லை. 1782இல் அவர் பிரித்தானியாவின் முதல் வெளியுறவுச் செயலர் ஆனார். அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் இந்தக் கடன் ஒரு சுவையான கிளைக்கதையாகவே இடம்பெறுகிறது. அதே நூற்றாண்டில் சில பவுண்டு கடனுக்காக இலண்டனின் கடன்காரர் சிறைகளில் அடைபட்டோரின் பெயர்களைத் தேடுவது எளிதன்று.

இந்தியாவில் சூதைப் பற்றிய சட்ட விவாதம் நெடுங்காலம் வேறொரு கேள்வியைச் சுற்றியே நடந்தது. 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் திறமையை மட்டும் சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்களித்தது. ரம்மி பெரிதும் திறமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967இல் கூறியது. இணையவழிப் பண விளையாட்டு நிறுவனங்கள் பல ஆண்டுகள் இந்த ‘திறமை’ என்ற சொல்லின் நிழலில்தான் தங்கியிருந்தன. 2025ஆம் ஆண்டின் சட்டம் அந்த வேறுபாட்டையே கைவிட்டு, திறமையோ வாய்ப்போ, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்தது. திறமையா வாய்ப்பா என்ற பழைய கேள்விக்குள் மூன்றாவது ஒன்று ஒருபோதும் நுழைந்ததில்லை: தோல்வியைத் தாங்கும் வசதி யாருடையது? தமிழில் ‘சூது’ என்ற ஒரே சொல் ஆட்டத்தையும் வஞ்சகத்தையும் குறிக்கிறது. அந்த வஞ்சகம் ஆடுபவரின் கையில் இருப்பதாகவே வழக்கு கருதுகிறது. ஆட்டம் தொடங்கும் முன்பே அது மேசையில் அமர்ந்திருக்கக்கூடும் என்பதற்குத் தனிச்சொல் இல்லை.

உயர்கல்வி நிறுவனங்களுக்கு இவ்வளவையும் கொண்டுவந்து சேர்ப்பது வலிந்து செய்வதாகத் தோன்றலாம். அங்கு யாரும் சீட்டுக்கட்டோடு அமர்ந்திருக்கவில்லை. ஆனால் ஐந்தாறு ஆண்டுகளை முனைவர் பட்டத்தில் வைப்பதும் ஒரு பந்தயம்தான். முடிவில் வேலை உண்டா என்பதை எவரும் உறுதி கூறுவதில்லை. இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அத்தேர்வில் உதவித்தொகைத் தகுதி பெறாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு மாதம் 8,000. வேறு பல இடங்களில் அதுவும் இல்லை. வரும் தொகையும் மாதம் தவறாமல் வருவதில்லை. உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் ஒருவர் அடுத்த மாநாட்டுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பார்; இன்னொருவர் உணவக நிலுவையைக் கட்ட யாரிடம் கேட்பது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருப்பார். இருவரையும் கருத்தரங்கு அழைப்பிதழ் ‘ஆய்வாளர்’ என்ற ஒரே சொல்லால்தான் அச்சிடும்.

அண்மைக் காலத்தில் தோல்வியைக் கொண்டாடும் சொற்பொழிவுகள் இவ்வளாகங்களில் பெருகியிருக்கின்றன. நிராகரிக்கப்பட்ட கட்டுரைகளையும் கிடைக்காத வேலைகளையும் பட்டியலிட்டு, அவற்றையும் தாண்டி வந்ததைப் பெருமையுடன் கூறும் பேராசிரியர்கள் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். இருந்தாலும் அது யுமேகோவின் சிரிப்பு. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, ஓராண்டு வீணாவது அனுபவமாக மாறாது. தங்கையின் படிப்பாகவோ வீட்டின் வட்டியாகவோ மாறும். துணிந்து ஆபத்தான ஆய்வுத் தலைப்பை எடு என்று அவருக்குச் சொல்லும் அறிவுரை, 1 ரூபாய்க்காரரிடம் நம்பிக்கையோடு ஆடு என்று சொல்வதற்கு ஒப்பானது. அவர் பாதுகாப்பான தலைப்பை எடுக்கும்போது, அதனைக் கற்பனைக் குறைவு என்று குறிப்பெழுதும் நேர்முகக் குழுக்களும் உண்டு.

யுமேகோவின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மன்றத்தினர் மூடிவைத்த ஏமாற்றுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போடுபவள் அவள்தான். இழக்க அஞ்சாதவர் ஒருவர் இல்லாமல் அப்படிப்பட்ட அமைப்பை யாரும் உலுக்கியிருக்க முடியாது என்று அவளை விரும்புவோர் வாதிடுவர், அது உண்மை. ஆனால் அவள் உலுக்குவது அமைப்பை மாற்றுவதற்காக அன்று, ஆட்டத்தின் சுவைக்காக. மேசையைச் சுத்தமாக்க அவள் விரும்புகிறாள், மேசையே வேண்டுமா என்று அவள் ஒருபோதும் கேட்பதில்லை. 2025இல் வெளிவந்த ‘பெட்’ என்னும் ஆங்கிலத் தழுவல் அவளுக்குப் பெற்றோரின் சாவுக்குப் பழிவாங்கும் நோக்கத்தைக் கொடுத்தது. கதைக்கு அது எளிதில் விளங்கும் காரணம் தந்தது உண்மை. இழப்பைப் பொழுதுபோக்காக்கும் வசதி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை அது மேலும் மறைத்துவிட்டது.

மேரியும் குற்றமற்றவள் அல்லள். ரியோத்தாவை நாயாக்கியவள் அவள். கீழிருந்து ஏறிவந்தவர் ஏணியை இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்வதும், தமக்குக் கீழே ஒருவரை மிதிப்பதும் எந்தப் பல்கலைக்கழகத் துறையிலும் காணக்கூடியதே. கதை அவளைத் திருத்தி நல்லவளாக்கிக் காட்டாதது அதன் பலம். அவள் மீண்டும் ஆடி, யுமேகோவோடு சேர்ந்து கடன் மேசையில் அமர்ந்து, தன் அட்டையைக் கழற்றிக்கொள்கிறாள். அதன்பின் கிராரி அவளை மாணவர் மன்றத்தில் சேர அழைக்கிறாள். பள்ளியில் எவரும் விடமாட்டாத இடம். மீண்டும் கீழே விழாதிருப்பதற்கான உறுதியும் அதில் இருக்கிறது. மேரி மறுத்துவிடுகிறாள். தன்னைக் கால்நடையாக்கிய கையிலிருந்து நாற்காலியைப் பெற்றுக்கொள்ள அவளால் முடியவில்லை. விடுதி அறைகளில் யுமேகோவின் படம் ஒட்டப்பட்ட சுவர்கள் ஏராளம். மேரியின் படத்தை ஒட்டியவர்கள் குறைவு.